அடிபட்ட இடம் நகராது

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள காம்ப்ளெக்ஸில் என் ஜெராக்ஸ் கடையும் பிரவீணாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் ஒட்டியபடி இருக்கின்றன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் தும்மினால் என் பேப்பர் பறக்கும். அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது. இட்டுக்கட்டியது எதுவும் இல்லை.

பிரவீணா குன்னத்துக்காரி. அப்பா பூமாலையும் அம்மா பொன்னாயியும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியும் பருத்தி எடுத்தும் அவளைப் பெரம்பலூரில் டிப்ளமோ படிக்க வைத்தார்கள். கடை போட்ட புதிதில் வருகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பாக்குற ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். "ஏன், என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?" என்பாள் இவள். கேட்டவர் கம்மென்று லேப்டாப்பை மேசையில் வைத்துவிடுவார்.

வாய் மட்டுமில்லை, கையும் அப்படித்தான். ஃபேன் சுற்றும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் குற்றவாளி ஒன்றுதான், எங்கள் ஊர் சிமெண்ட் தூசி. தூசியைத் துடைத்துவிட்டு, மாவு மில்லில் வைத்திருந்தீர்களா என்று கொண்டுவந்தவரையும் ஒரு பிடி பிடிப்பாள். தப்பு எப்போதும் எதிராளி பக்கம்தான். அதில் ஒரு தெனாவட்டு உண்டு. எனக்கு அது பிடிக்கும். பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்குக் கடையையே கல்யாண வீடாக்கிவிட்டாள். சால்டரிங் இரும்புக்குப் பொட்டு, மானிட்டருக்குப் பொட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவருக்கும் தனித்தனியாகப் பொட்டு. "ஏண்டி, ஸ்க்ரூவையும் விடமாட்டியா?" என்றேன். "சோறு போடுறதே இதுங்கதான்க்கா, பொட்டு வைக்காம வுட்டா கோவிச்சுக்கும்" என்று சந்தனத்தை இன்னும் கொஞ்சம் குழைத்தாள். அதிகப்படியான மரியாதை அவளுடைய குளோன் பெட்டிக்கு. செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே இரண்டு பள்ளம். ஒன்றில் பழைய ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தி, மற்றதில் புதியதைச் செருகினால், பழையதில் இருப்பது மயிரிழை பிசகாமல் புதியதற்குப் போய்விடும். அதற்கு நெற்றியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் அள்ளி வைத்த குங்குமம்.

பூஜை முடிந்து கடை திறந்ததும் முதலில் வந்தவள் ஆண்டிமடம் கீதாஞ்சலி. வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்து, ஜெயங்கொண்டம் டெய்லர்களுக்கு ஜாக்கெட் வேலை செய்து கொடுப்பவள். மெஷினுக்கு டிசைன் அனுப்பும் கம்ப்யூட்டரைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். அதன் டிஸ்க் திணறிக்கொண்டிருந்தது. டிசைன் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புதிதாக ஏற்ற வழியில்லை. டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்தால் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் மெஷின் வெறும் இரும்பு.

"இது இல்லேன்னா திரும்ப முந்திரி உடைக்கத்தான் போவணும் மேடம்" என்று கையை விரித்துக் காட்டினாள். முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பொத்துப்போன விரல்கள், ஆறிய பிறகும் தழும்பாகவே கிடந்தன.

"நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுற?" என்றாள் பிரவீணா.

முதல் முறை குளோன் கால்வாசியில் நின்றது. கேபிளை மாற்றினாள். அடுத்த முறை பாதியைத் தாண்டிப் போய் நின்றது. அடாப்டரை மாற்றினாள். அதற்கப்புறம் தொடங்கிய இடத்திலேயே படுத்துவிட்டது. படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்றே திரையில் வந்தது. வாசலில் வேறு கூட்டம். லீவு முடிந்து எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். டிஸ்க்கைச் சோதித்ததில் உண்மையிலேயே சில இடங்கள் நைந்துபோயிருந்தன. பிரவீணாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"டிஸ்க் செத்துப்போச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

ஜெயங்கொண்டத்து வியாபாரி ஒருவர் மெஷினைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் கீதாஞ்சலி சொன்னாள். கம்ப்யூட்டரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, குன்னத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் தங்கராசு தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதில் இருந்த டிஸ்க் வாங்கி அதிக நாள் ஆகவில்லை, நல்ல திடமான டிஸ்க். இன்னும் வேகமானதற்கு மாற்றித் தரச் சொன்னார். பெட்டியில் போட்டாள். கொஞ்ச தூரம் ஓடி நின்றது. மறுபடி போட்டாள். வேறொரு இடத்தில் நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். பிரவீணா நெற்றியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அடிபட்ட இடம் நகராதுக்கா. டிஸ்க்குல பழுதுன்னா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் நிக்கணும். நேத்து அந்தப் பொண்ணுதும் எடம் மாறி மாறித்தான நின்னுச்சு? இது நான் படிச்ச முதப் பாடம். கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?"

பெட்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பள்ளத்துக்குள் பார்த்தாள். டிஸ்க் வந்து உட்காரும் பித்தளைப் பற்களின் மேல் குங்குமம் உதிர்ந்து கிடந்தது. அதோடு வழிந்த சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அவள் கையால் வைத்த பொட்டுதான். பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுச் சுத்தம் செய்தாள். தங்கராசுவின் டிஸ்க் ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. இழவு சொன்னவளிடம் மறுநாளே பேச யாருக்குத்தான் மனசு வரும்?

"விடுடி, வேற கடையில காட்டாமலா இருப்பா?" என்றேன்.

"காட்ட மாட்டாக்கா. நான் சொன்னத நம்பிட்டுப் போயிருக்கா." அதற்குள் ஒரு புது டிஸ்க்கையும் கருவிப் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். "வாங்க, வண்டியில ஏறுங்க. அடி விழுந்தா பிரிச்சுவிட ஆள் வேணும்."

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் அவள் ஸ்கூட்டி ஓட்டிய வேகத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரித் தோப்புகள் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கீதாஞ்சலி வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. மெஷினை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரவீணா ஸ்கூட்டியை அதற்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"எறக்குங்க."

"பேசி முடிச்ச சரக்குங்க இது. நீங்க யாரு?" என்றார் வியாபாரி.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "கீதா, டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொன்னேன்ல, தப்பாச் சொல்லிட்டேன். கோளாறு என் பெட்டியில. நானே குங்குமத்தக் கொட்டிக் கெடுத்து வச்சிருக்கேன். டிஸ்க் எங்க?"

கீதாஞ்சலிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளையாடுறீங்களா மேடம்? ராத்திரி பூரா இந்த மெஷின் பக்கத்துல உக்காந்து அழுதேன் நானு. இப்ப வந்து தப்பாச் சொல்லிட்டேங்குறீங்க?"

"திட்டு, நல்லாத் திட்டு. ஆனா டிஸ்க்க எடுத்துக் குடுத்துட்டுத் திட்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கீதாஞ்சலி முறைத்துக்கொண்டே உள்ளே போய்க் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். வியாபாரி, வெயில் ஏறுகிறது என்று முனகிக்கொண்டே நிழலில் போய் நின்றார்.

பிரவீணா இந்த முறை பெட்டியை நம்பவில்லை. இரண்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே நேராக மாட்டினாள். திடமான இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, நைந்த இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்படி வைத்தாள். கிழவனை மலையேற்றுவது போலப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும் என்றாள். ஓடியது. கடைசியில் நைந்த இடங்களுக்கு வந்து திக்கியது, நின்றது, மறுபடி திக்கியது. ஒவ்வொரு முறையும் அதே இடம்தான். "இப்பத்தான் டிஸ்க் பேசுது" என்றாள் பிரவீணா. கீதாஞ்சலி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். திரையில் கோடு மெல்ல நகர்ந்து நகர்ந்து முழுதாகிவிட்டது.

புது டிஸ்க்கில் கம்ப்யூட்டர் எழுந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. மயில்கள், மாங்காய்கள், தாமரைகள் எல்லாம் வரிசையாக வந்தன. கீதாஞ்சலி ஓடிப்போய்க் கயிற்றைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தாள். வியாபாரி எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு வசவு வைத்துவிட்டுக் காலி வண்டியோடு போனார். அக்கம்பக்கத்து ஆட்கள் கைகொடுக்க, மெஷின் வீட்டுக்குள் வந்தது. முதல் மயில் கழுத்து வரை தைத்தபோது எனக்கே கண் கலங்கியது.

எல்லாம் முடிந்த பிறகு பிரவீணா அந்தப் பழைய டிஸ்க்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். உள்ளே டிக் டிக்கென்று ஏதோ தட்டியது. திரையில் டிஸ்க்கே தெரியவில்லை. மறுபடி போட்டாள். அதே தட்டல்தான், பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

"என்ன மேடம் ஆச்சு?"

"இப்ப நெசமாவே செத்துப்போச்சு." பிரவீணாவின் குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். "கடைசி உசுர வச்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு நாள் கம்முனு இருந்திருந்தா, நான் சொன்னதே சரின்னு ஆயிருக்கும் கீதா. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நீயும் நான் சொன்னத நம்பிக்கிட்டே முந்திரி உடைக்கப் போயிருப்ப."

கீதாஞ்சலி அந்த டிஸ்க்கை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷின் மயிலின் தோகையைத் தைத்துக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்கக்கா," என்றாள் அவள் பிரவீணாவிடம். "சோறு ஆக்கியிருக்கேன். சாப்புட்டுட்டுத்தான் போவணும்."