நூற்றெண்பது இணைப்புகள்

ஆஸ்பத்திரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். எல்லாருக்கும் திங்கக்கிழமை அக்கா. ஆறு வருஷமாகத் திங்கள் காலை எட்டுக்கு நோயாளிகள் பதிவு தொடங்கும். எட்டரைக்கு சர்வர் படுத்துவிடும். அவள் சர்வர் இருக்கும் கீழ்த்தளத்துக்கு ஓடுவாள்.

கணவன் பஸ் டிரைவர். அவனுக்கு வார விடுமுறை திங்கள் மட்டும்.

"பேசாம அந்த சர்வர் பெட்டியவே கட்டியிருக்கலாம் நீ," என்பான்.

ஒரு திங்கள் காலை இருவரும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முன்பு அந்த வேலையில் இருந்தவர், இணைப்பு போதவில்லை என்று திரையில் வந்தபோதெல்லாம் ஒரே நேரத்தில் எத்தனை கணினிகள் சர்வரோடு இணையலாம் என்ற வரம்பை இரட்டிப்பாக்கியிருந்தார். நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு. பெரிய எண் நல்லதுதானே என்று அவளும் அதைத் தொடவில்லை.

ஒரு செவ்வாயன்று காகிதத்தில் கணக்குப் போட்டாள். நினைவகம் பதினாறு ஜிபி. சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் பொதுவாக எட்டு போய்விடும். மிச்சம் எட்டு. ஓர் இணைப்பு மும்முரமான நேரத்தில் நாற்பது எம்பி தின்றது. இருநூறைத் தாண்டினால் மூச்சு முட்டும். சற்று இடம் விட்டு நூற்றெண்பது என்று எழுதினாள். மற்றவை வெளியே வரிசையில் காத்திருக்கட்டும் என்று திட்டம் போட்டாள்.

அனுமதி கேட்டபோது மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணூறே பத்தலைங்கிறோம். நீங்க கொறைக்கச் சொல்றீங்களேம்மா?"

"வர்றதையெல்லாம் ஒரே நேரத்துல உள்ள விட்டதாலதான் சார் விழுது."

"விழுந்துச்சுன்னா கவுன்டர்ல நீங்கதான் நின்னு பதில் சொல்லணும்."

"நிக்கறேன் சார்."

அடுத்த திங்கள் சர்வர் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு நூற்றெண்பதும் நிறைந்தது. வெளியே அறுபது காத்திருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நொடிகூட நிற்கவில்லை. ஒன்பதுக்கு வரிசை கரைந்தது. சர்வர் விழவில்லை.

அதற்கடுத்த திங்கள் விடுப்பு எடுத்தாள். கணவன் முட்டையைக் கருக்கினான். எட்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. கவுன்டர் பெண்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

அவள் பாதி எழுந்துவிட்டாள். "விழுந்துடுச்சா?"

"என்ன விழுந்துச்சு? பிரின்டர் பேப்பர் எங்க வெச்சீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"மூணாவது அலமாரி."

அவள் ஓடிவிடுவாள் என்று கணவன் அவளுடைய டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"கொடுய்யா," என்று உட்கார்ந்தாள். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.