பெயர் வரும் பாட்டு

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நான் வேலை செய்யும் தேநீர்க் கடைக்கு அவர் தினமும் வருவார். இங்கே தமிழ்க் குழுக்களின் வாள்வெட்டுச் சண்டைகளைப் பிரெஞ்சு ராப்பில் முதன்முதலாகப் பாடியவர். இப்போது முன்தலை வழுக்கை. கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். யார் உள்ளே வந்தாலும், ஆடிக்கொண்டிருக்கும் அவர் கால் சட்டென்று நின்றுவிடும்.

எதிர்க்குழு இளைஞன் ஒருவனைப் பெயர் சொல்லிக் கோழையென்று ஏசிய பாட்டுத்தான் அவரைப் பிரபலமாக்கியது. பிறகு ஒரு சண்டையில் அந்த இளைஞனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அன்றோடு இவர் பாடுவதை நிறுத்தினார். இணையத்தில் அந்தப் பாட்டைப் போட்டிருந்தவர்களையெல்லாம் தேடித் தேடி, அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இறந்தவனின் தாய் கடைக்குள் வந்து நேரே அவரிடம் போனார். பாடகர் பதறி எழுந்தார்.

"தம்பி, அந்தப் பாட்டை அழிக்கச் சொல்லித் திரியிறியளாம். எனக்குப் பிரெஞ்சு விளங்காது. ஆனா என்ர பிள்ளையின்ர பேர் அதிலை வருது. இப்ப வேறை ஆர் அவன்ர பேரைச் சொல்லுகினம்? அந்தப் பாட்டு அப்பிடியே கிடக்கட்டும்."

"ஓம் அம்மா," என்றார். தேநீரைக் குடிக்காமலே வெளியேறினார்.

அவர் போனதும் அந்த அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. எடுத்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பிரெஞ்சில் பேசினார். நான் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதை அந்தப் பாடகரிடம் சொல்லலாமா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.