பாவு ஏற்றாத வீரபாகு

என் தம்பி வீரபாகு சோம்பேறி இல்லை. புரோகிராமிங் கற்க எந்த மொழி நல்லது என்று தேடுவதில் அவன் பட்ட பாட்டைத் தறியில் பட்டிருந்தால், சேவூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியிருக்கும்.

எல்லாம் மாமா மகள் தேவகிக்காகத்தான். மாமாவுக்கு ஆரணியில் பட்டுக் கடை; கணக்கெல்லாம் தேவகி பார்க்கிறாள். தறியையும் விட்டு, வேலைக்கும் போகாதவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? கடையில் எந்தச் சேலை எந்த அலமாரியில் இருக்கிறது என்று போனில் காட்டுகிற மாதிரி ஒன்றை ஐப்பசிக்குள் செய்து கொடுத்தால் அப்பாவைச் சரிக்கட்டுவேன், இல்லாவிட்டால் வேலூர் மாப்பிள்ளைதான் என்று தேவகி சொல்லிவிட்டாள்.

இவன் உட்கார்ந்தான். பைத்தான் சுலபம் என்றது ஒரு வீடியோ. அது ஆமை என்றது அடுத்தது. ஜாவாவுக்குத்தான் வேலை என்றார்கள். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாதவன் மனுஷனே இல்லை என்றார்கள். ஏதோ ஒன்றில் ஆரம்பித்துத் தொலையேன்டா என்றேன்.

"தறியில பாவு நூல் ஏத்திட்டா அவ்ளோதான்க்கா. முடியிற வரைக்கும் மாத்த முடியாது," என்றான்.

நெசவுக்காரன் பிள்ளை வேறெப்படி யோசிப்பான்? கம்ப்யூட்டரில் பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறு போடலாம் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை.

கடைசியில் படவேடு ரேணுகாம்பாளிடம் பூக் கேட்கப் போனோம். செய்யலாமா வேண்டாமா என்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுப்பார்கள். இவன் மொழிக்கு ஒன்றாக மல்லி, அரளி, சாமந்தி என்று மூன்று பொட்டலம் வைத்தான். ஒரே நேரத்தில் மூன்று பெண்ணா பார்க்கிறாய் என்று பூசாரி திட்டினார். அரளி வந்தது, பைத்தான். எனக்குப் போன உயிர் திரும்பியது. பஸ் ஏறப் போனவன், பைத்தானை எந்த சாஃப்ட்வேரில் டைப் அடிப்பது என்று கேட்க மறந்துவிட்டேனே என்று மறுபடி கோயிலுக்கு ஓடினான். பூசாரி துரத்திவிட்டார். அத்தோடு ஐப்பசியும் முடிந்தது.

மாமா எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. போனை நீட்டினார். சேலையின் பெயரைத் தட்டினால் அலமாரி எண் வந்தது. தேவகி தானே செய்துவிட்டு, இவன் செய்தது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்! அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். தம்பி ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், கல்யாணம். நான் அவன் கையை நறுக்கென்று கிள்ளினேன்.

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சூப்பரா கீது மாமா. யார் செஞ்சாங்க? இன்னா லாங்குவேஜாம்?"

மாமா மெதுவாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"லாங்குவேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. எக்செல்ல போட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வேலூருக்கு அன்றைக்கே போன் போயிற்று. சேவூர் பஸ்ஸில் தம்பி தேம்பித் தேம்பி அழுதான். எக்செல்லைப் பற்றி ஒரு வீடியோவிலும் சொல்லவில்லையே என்று இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.