பொன் வயலுக்குள் பாய்ந்த நீர்

ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்கு எதிரே புடைவைக் கடை நடத்தும் பெண், ஆள்வரவு குறைந்த வேளைகளில் கணினியில் அசைவூட்டப் படம் கீறுபவர். இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பத்தில், புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தந்தையாருடன் ஊர் மீண்டவர். சிறகு முளைத்த யானையொன்று எங்கள் குளத்தில் இறங்குவதாக அவர் ஆக்கிய ஏழு நிமிடப் படத்தை ஊரே கைப்பேசியில் பார்த்து மகிழ்ந்தது. அந்த ஊக்கத்தில் இரண்டாம் பாகத்தை நாற்பது நிமிடத்துக்கு விரித்தார். உரையாடலைத் திருத்தும் பணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னிடம் வந்தது.

குறைகளை மறைப்பதற்கில்லை. மாந்தர் நடக்கையில் பாதங்கள் நிலத்தில் படுவதில்லை. அரசியின் வாய் மூடிய பின்னும் குரல் தொடர்கிறது. யானைக் குலத்தின் வரலாறோ முடிவின்றி நீள்கிறது. ஆயினும், பறக்குமுன் அந்த யானை ஒரு கணம் தயங்கி, முன்காலால் மண்ணைத் தடவிப் பார்க்கும். அத்தயக்கத்துக்காகவே நாற்பது நிமிடத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

"சேர், எங்கட சனம் பாதியில எழும்பிப் போச்செண்டா, இனி நான் கீறமாட்டன்," என்றார், திரையிடலன்று காலையில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கைகள் மட்டும் மடித்த புடைவையையே மீண்டும் மடித்துக்கொண்டிருந்தன.

மாலையில் பொதுநோக்கு மண்டபம் நிறைந்தது. இறுதிக் காட்சியில், பொன்னிறமாய் விளைந்து கிடக்கும் வயலுக்கு யானை குளத்து மதகான துருசை உடைத்து நீர் பாய்ச்ச, திரையில் மக்கள் கூத்தாடினர். மண்டபத்தில் ஒரு கமக்காரர் துள்ளி எழுந்தார்.

"நிப்பாட்டுங்கோ! முத்தின கதிருக்கு ஆர் தண்ணி விடுறது? சாய்ஞ்சு முளைச்சுப் போகுமெல்லோ!"

"யானை பறக்குது, அதைக் கேக்கேல்ல. தண்ணியைக் கேக்கிறீரோ?" என்றார் அருகிலிருந்தவர்.

"யானை அதின்ரபாட்டுக்குப் பறக்கட்டும். வெள்ளாமையில விளையாடக் கூடாது!"

மேலும் பலர் எழுந்தனர். படம் நின்றது. படம் கீறிய பெண்ணின் முகம் வெளிறிப்போயிற்று. "புத்தளத்தில வாப்பா ஊரைப் பற்றிச் சொல்லேக்க வயல் எப்பவும் பொன் நிறந்தான்," என்றார் மெல்ல.

நானும் எழுந்தேன். பிரதியை இருமுறை படித்தவன் நான். ஒற்றுப் பிழைகளைத் தேடினேனேயன்றி வயலைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "சேருக்குச் சோறு தெரியும், நெல்லுத் தெரியாது!" என்றது பின்வரிசை. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

முதலில் எழுந்த கமக்காரரே வழியும் சொன்னார்: "வயலைப் பச்சையாக்கு பிள்ளை. கதிர் வெளிய வராத குடலைப் பருவத்தில தண்ணி இல்லாட்டித்தான் நாங்கள் அழுறது. இப்ப மிச்சத்தைப் போடு, பாப்பம்."

படம் முடிந்து மண்டபக் கதவைப் பூட்டுகையில் அந்தப் பெண் கேட்டார்: "சேர், கன பேர் எழும்பினவையல்லோ?"

"ஓம் பிள்ளை. ஒருத்தரும் போகேல்ல."

அடுத்த கிழமை கடைக்குச் சென்றேன். திரையில் பாதி வயல் பச்சையாகியிருந்தது. அதன் வரம்பில் புதிதாய் ஒரு கமக்காரர், கையை ஓங்கி யானையை அதட்டிக்கொண்டு நின்றார். அவர் பாதங்களும் நிலத்தில் படவில்லை.