ரீபாவின் வலது காது

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே, தங்கை ரீபா வென்றவற்றை மெர்வின் சொல்லிக்கொண்டிருப்பான். பஞ்சர் ஒட்ட வந்தவர் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. சிறுவயதுக் காய்ச்சலில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. அப்படியும் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தாள். புள்ளியும் கோடுமாக வரும் தந்தி ஒலியை ஒற்றைக் காதால் கேட்டெழுதி, வீட்டிலிருந்தே வானலையில் பேச அனுமதிக்கும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஆண்களே உட்கார்ந்திருந்த செல்போன் ரிப்பேர் கடைகளில், இவன் கடைக்கு அடுத்ததிலேயே ஒரு மேசை பிடித்தாள். முடிவில் இதையும் சேர்த்துக்கொள்வான்: "அவ வெளக்கிச் சொல்லுததுல எனக்குப் பாதிதான் வெளங்கும். அந்தப் பாதியத்தான் ஒங்ககிட்ட சொல்லுதேன்."

யார் வந்தாலும் ரீபா முதலில் நாற்காலியைத் திருப்பி வலது பக்கம் காட்டுவாள். கழற்றிய திருகாணிகளைப் பவுடர் டப்பா மூடியில், கழற்றிய வரிசையிலேயே அடுக்குவாள். வேலை நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது பக்கத்தைத் திருப்பிவிடுவாள். அந்தத் தெருவில் ரிப்பேர் முடிந்ததும் உள்ளே மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுவது வழக்கம். மறுபடி வந்தால் யார் கைவேலை என்று தெரிய வேண்டுமே. ரீபா மட்டும் எழுதியதில்லை. "பழசக் கழத்திப் புதுச மாட்டுததுக்கு எதுக்கு கையெழுத்து?" என்பாள். கடைக்கார அண்ணாச்சி திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

கார்த்திகை மழையில், அணையைத் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த அன்று பாக்கியசீலன் தன் வாக்கி டாக்கியோடு நனைந்து வந்து நின்றார். அவரும் உரிமம் பெற்ற ஹாம். போன பெருவெள்ளத்தில் செல்போன்கள் ஊமையானதால், இம்முறை ஆற்றோரம் ஊருக்கு ஒருவர் செட்டோடு நிற்பதென்று ஏற்பாடு. கல்லிடைக்குறிச்சிப் பாலம் அவர் பொறுப்பு. இருட்டுவதற்குள் அங்கே இருக்க வேண்டும். செட் பேசாவிட்டால் அங்கே தண்ணீர் ஏறுவதைச் சொல்ல ஆளில்லை.

இணையத்தில் கிடைத்த புது மென்பொருளைச் செட்டில் ஏற்றியிருக்கிறார். அதுவரை பழுதில்லை. பிறகு தன் மச்சான் செட்டுக்குள் பதிந்திருந்த அளவுகள் அத்தனையையும் எடுத்து இதில் கொட்டிவிட்டார். பேச்சு குழறியது, தீரப்போகும் பாட்டரியை நிறைந்ததாகக் காட்டியது. சரிசெய்வோம் என்று மறுபடி மென்பொருளை ஏற்றும்போது கேபிள் நழுவி, திரையே இருண்டுவிட்டது.

"பக்கத்து வீட்டு உறைமோர்னு நெனச்சியளா அண்ணாச்சி?"

"ரெண்டும் ஒரே மாடல்தானம்மா."

"நானும் எங்க அண்ணனும் ஒரு வயித்துலதான் பொறந்தோம். அவன் செருப்பு எனக்குச் சேருமா?"

பேசும் பொத்தானை அழுத்தியபடி செட்டை முடுக்கினாள். திரை இருட்டாகவே இருந்தது. செட்டின் தலையிலிருந்த டார்ச் மட்டும் எரிந்தது. எட்டிப் பார்த்த மெர்வின், வேறு செட் இரவல் பார்க்கச் சொன்னான்.

"டார்ச் எரியுதுல்லா. உசுரு இருக்கு. புதுசா ஊட்டுததுக்கு வாயத் தொறந்துட்டு நிக்கு," என்றாள்.

கேபிளை மாட்டி மென்பொருளை ஊட்டினாள். திரை வெளிச்சமானது. மீட்டரில் பாட்டரியை அளந்து சரியான எண்ணைக் கொடுத்தாள். அலைவரிசைதான் மிச்சம். ஒவ்வொரு செட்டுக்கும் தயாரித்த இடத்திலேயே அதற்கென்று ஒரு திருத்த எண் வைத்து அனுப்புவார்கள். இதன் எண் மச்சான் எண்ணுக்கடியில் அழிந்துபோயிருந்தது. பிரதி எங்கும் கிடையாது. சரியான அலையில் நிறுத்திய தன் செட்டை வலது காதில் வைத்துக்கொண்டு, அவர் செட்டின் பொத்தானை அழுத்தினாள். மெல்லிய விசில் கேட்டது. அலை எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு கீச்சு. விசில் இறங்கி இறங்கி மறையும் இடத்தில்தான் அந்த எண் இருக்கிறது.

மெர்வின் பையப் போய்க் காற்றடிக்கும் கம்ப்ரெசரை நிறுத்தினான். காற்றடிக்க வந்தவரையும் கையமர்த்தினான். ரீபா கண்ணை மூடியபடி எண்ணை மாற்றி, கேட்டு, மறுபடி மாற்றினாள். ஓரிடத்தில் புருவம் தளர்ந்தது.

பேசிப் பார்க்க பாக்கியசீலன் செட்டோடு கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்துக்குப் பைக்கில் போனார். தன் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, "ரீபாம்மா, கேக்கா?" என்றார். குழறல் இல்லை, பின்னால் ஆறு இரைவதுகூடக் கேட்டது.

"தெளிவா கேக்கு அண்ணாச்சி."

மேற்கே கல்லிடைக்குறிச்சிக்குப் போகுமுன் அவரை ஒரு நிமிடம் கடைக்கு வந்துபோகச் சொன்னாள். செட்டை வாங்கிப் பாட்டரியைக் கழற்றினாள். பக்கத்து மேசையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தாள். டியூபும் கையுமாக மெர்வின் வந்து பின்னால் நின்றான். பாட்டரி உட்காரும் குழியில் அவள் நிதானமாக எழுதினாள்:

ரீபா, 24.11.2025.