மல்லி என்று கூப்பிட்டவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் மளிகைக்கடை வைத்திருந்தேன். கொழும்பில் கடை நடத்திய என் அத்தான் ஊருக்கு வரும்போதெல்லாம், "சிங்களவன் சோம்பேறிலே. காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்" என்பார். கடலைத் தாண்டாத நானும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி அத்தான் வந்திருந்த ஒருநாள், கொழும்புக் கப்பலுக்குச் சாமான் போட்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பினேன். பின்னாலிருந்து "மல்லி! மல்லி!" என்று குரல். கப்பல்காரர் ஒருவர் ஓடி வந்தார். கொத்தமல்லிக்கு இவ்வளவு அவசரமா என்று எனக்கு எரிச்சல்.

"மல்லி வேணும்னா கடைக்கு வாரும்வே!" என்று கத்திவிட்டு வேகமாக மிதித்தேன்.

அவர் கடைவரைக்கும் ஓடியே வந்தார். நான் முகத்தைக்கூடப் பார்க்காமல் மல்லியை நிறுத்துப் பொட்டலம் கட்டினேன். நிமிர்ந்தால், மேசைமேல் என் ரேஷன் கார்டு! வழியில் பையிலிருந்து விழுந்திருக்கிறது. அது போயிருந்தால் வீட்டில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் திண்டாட்டம்தான். அவரோ மூச்சு வாங்க, வியர்த்து நனைந்து நின்றார்.

கடையில் உட்கார்ந்திருந்த அத்தான் அவரிடம் சிங்களத்தில் பேசிவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏலே, அவங்க பாஷையில மல்லின்னா தம்பி. ஒன்னயத்தான் கூப்பிட்டிருக்காரு."

"சோம்பேறின்னு சொன்னீங்களே அத்தான்?"

அத்தான் கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "கடைக்குள்ள இருந்துக்கிட்டு, எதுத்தாப்புல உக்காந்திருந்தவங்களத்தான நான் பாத்தேன். அவங்களும் எங்களப் பாத்துட்டு, தமிழன்னா சிரிக்கவே மாட்டாம்னுதான் சொல்லுதாங்க."

பொட்டலத்தை நீட்டினேன். அந்த அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்றும் யாராவது மல்லி கேட்டால், என் கை உடனே தராசுக்குப் போவதில்லை. கேட்டவர் முகத்தை முதலில் பார்க்கிறேன்.