கோட்டைத் தொட்ட நொடி

வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில், நூறு மீட்டர் ஓட்டம் முடியும் கோட்டுக்கு நேராகக் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். விசில் ஊதினார்கள். சின்ன வயதில் ஒருநாள் அந்தச் சத்தத்துக்குத்தான் என் அக்கா ஓடினாள்.

அன்று அவளும் இன்னொருத்தியும் ஒன்றாகவே வந்தார்கள். அக்காவுக்கு இரண்டாமிடம் என்றார்கள். "நாந்தான் முதல்ல தொட்டேன். அப்பா எடுத்த போட்டோவுல தெரியும்" என்று அழுதாள். ஃபிலிம் கழுவி வர ஒரு வாரம். மருந்து வாடை வீசும் ஸ்டுடியோவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு தினமும் போனாள். வந்த படத்தில் பின்னாலிருந்த மலை பளிச்சென்று இருந்தது. அக்கா வெறும் வெள்ளைக் கலங்கல். வீட்டில் காட்டியபோது அப்பா தலை நிமிரவில்லை.

"மலை ஓடலையேப்பா, அதான் நல்லா வந்திருக்கு" என்றாள் அக்கா. பிறகு அவள் ஓடவேயில்லை.

அதனால்தான் நான் ஃபோகஸை முன்கூட்டியே கோட்டின்மேல் வைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தைக் கூட்டி, காத்திருப்பேன். இன்றும் அப்படித்தான் எடுத்தேன்.

ஓடி முடித்த பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். "அண்ணா, நாந்தானே ஃபர்ஸ்ட்? காட்டுங்க!"

படம் துல்லியமாக இருந்தது. பக்கத்துப் பெண்ணின் நெஞ்சு ஒரு விரற்கடை முன்னால். தயங்கித்தான் காட்டினேன்.

உற்றுப் பார்த்தாள். "இவ்ளோதானா? அடுத்த வாட்டி புடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.